பன் பார்த்த வேலை

1888-ல் ஜேம்ஸ் ஹென்றி சாலிஸ்பரி என்ற அமெரிக்க மருத்துவர், உணவுக்கும் நோய்க்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மாவுப் பண்டங்களும் காய்கறிகளும் குடலில் கிடந்து புளிப்பதால்தான் பல நோய்கள் வருகின்றன என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அதற்கு அவர் எழுதிக் கொடுத்த மருந்து மாட்டுக்கறி. தசையிலிருந்து நார், ஜவ்வு, கொழுப்பு எல்லாவற்றையும் நீக்கி, மிஞ்சிய சதையை அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலக் கனத்தில் தட்டி, தணலில் வாட்டி, ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிட வேண்டும். இடையில் வெந்நீர் குடிக்க வேண்டும்.

அவருடைய நோய்க் கோட்பாடு நிலைக்கவில்லை. காய்கறியைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் தவறு. ஆனால் அந்தக் கறி வில்லை ‘சாலிஸ்பரி ஸ்டேக்’ என்ற பெயரில் அமெரிக்கச் சாப்பாட்டு மேசையில் இன்றும் இருக்கிறது. அவர் சொன்ன சமையல் குறிப்பு ஒன்றும் இன்றுவரை பொய்க்கவில்லை: கறியை இறுக்கி அமுக்கித் தட்டாதீர்கள், ஈரலைத் தின்கிற மாதிரி ஆகிவிடும் என்று எச்சரித்திருந்தார். ஏன் அப்படி ஆகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும். அந்தக் காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

பர்கர் என்று இன்று நாம் சொல்லும் உருவம் அதற்கடுத்த தலைமுறையில் நிலைபெற்றது. 1921-ல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் வால்டர் ஆண்டர்சனும் பில்லி இங்க்ராமும் ஒயிட் காசில் கடையைத் தொடங்கி, சின்ன பர்கரை ஐந்து சென்ட்டுக்கு விற்றார்கள். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், உட்கார மேசைகூட வேண்டாம். கையில் வாங்கி நின்றபடியே தின்றுவிட்டுப் போகலாம். இதைச் சாத்தியமாக்கியது கறி இல்லை, பன்.

நூறாண்டு கழித்து அமெரிக்க வீடுகளில் அந்த பன் மேசையைவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை நோய், எடை, கோதுமை ஒவ்வாமை என்று காரணங்கள் பல. இரவுச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு கிண்ணம். அடியில் நறுக்கிய லெட்டூஸ், அதன்மேல் வறுத்த கொத்துக்கறி, சீஸ், தக்காளி, வெங்காயம், வெள்ளரி பிக்கிள், எல்லாவற்றுக்கும் மேலே இளஞ்சிவப்பு சாஸ். ஓர் இரும்புச் சட்டி, ஒரு வெட்டுப் பலகை, அரை மணி நேரம் போதும். எளிமையானதுதான். ஆனால் பன்னை எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே கிண்ணத்தில் கொட்டினால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பத்து நிமிடத்தில் அடியில் கலங்கிய தண்ணீர் தேங்குகிறது. இலை துவண்டு போகிறது. கறியில் உப்புத் தூக்கலாகத் தெரிகிறது. பாதி சாப்பிடும்போதே மேலண்ணத்தில் ஏதோ மெழுகு பூசியது போன்ற ஒரு பிசுக்கு.

காரணம், பன் அங்கே சும்மா இருக்கவில்லை. அது பார்த்த வேலைகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் வேறு யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்த ஒப்படைப்பைப் பற்றியது.

கறியிலிருந்து இறங்கும் சாற்றையும் கொழுப்பையும் பன் உறிஞ்சிக்கொள்ளும். உப்பும் காரமும் புளிப்பும் கூடுதலான கறியையும் சாஸையும் தன் சப்பென்ற ருசியால் சமன் செய்யும். அமெரிக்க பன்னில் கொஞ்சம் சர்க்கரையும் இருப்பதால் பிக்கிளின் புளிப்புக்கு எதிர்முனையில் நிற்கும். சூடான கறிக்கும் குளிர்ந்த இலைக்கும் இடையில் தடுப்பாகவும் இருக்கும். வாட்டிய பன்னின் உட்பக்கம் மொறுமொறுப்பும் கருகல் மணமும் தரும். இத்தனைக்கும் மேலாக, கறி வில்லையாக இருந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையை விதித்ததும் அதுதான். கையில் பிடித்துக் கடிக்கும் பண்டத்துக்கு உருண்டு விழாத ஓர் உருவம் வேண்டும். கிண்ணத்துக்கு அது வேண்டாம். பன் போவதால் நமக்குக் கிடைக்கும் பெரிய ஆதாயம் இதுதான் என்பது என் எண்ணம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து செ.மீ. விட்டமும் இரண்டு செ.மீ. கனமும் உள்ள ஒரு வில்லையின் கன அளவு சுமார் 157 கன செ.மீ. அதன் மொத்த மேற்பரப்பு சுமார் 220 சதுர செ.மீ. அதே கறியை ஒரு செ.மீ. துண்டுகளாக உதிர்த்தால் மேற்பரப்பு 940 சதுர செ.மீ.-ஐத் தாண்டுகிறது. நான்கு மடங்குக்கும் அதிகம். உதிர்ந்த கறி ஒழுங்கான கனசதுரமாக இருக்காது என்பதால் உண்மையில் இன்னும் கூடுதலாகவே இருக்கும். வறுத்த கறியின் மணம் மேற்பரப்பில்தான் பிறக்கிறது. ஆகவே மேற்பரப்பைப் பெருக்குவது மணத்தைப் பெருக்குவதற்கு வழி.

அந்த மணத்தின் வேதியியலை முதலில் தொட்டவர் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சுக்காரர். 1912-ல் அமினோ அமிலங்களையும் சர்க்கரைகளையும் சேர்த்துச் சூடாக்கியபோது கலவை பழுப்பாக மாறுவதை அவர் அறிவித்தார். சமையல் அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. உடலுக்குள் புரதங்கள் எப்படி உருவாகின்றன என்பதே அவர் தேடிய கேள்வி. அந்த வினை படிப்படியாக எப்படி நடக்கிறது என்ற வரைபடத்தை 1953-ல் ஜான் ஹாட்ஜ் தந்தார். இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கறுப்பின வேதியியலாளர் அவர். இன்றைக்கும் உணவு வேதியியல் மாணவர்கள் அந்த வரைபடத்தில்தான் தொடங்குகிறார்கள். கறியில் சர்க்கரை கொஞ்சமே உண்டு. ஆனால் தசைச் செல்கள் ஆற்றலுக்காக வைத்திருந்த மூலக்கூறுகள் சிதையும்போது ரைபோஸ் என்ற சர்க்கரை வெளிப்படுகிறது. கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் அதோடு சேரும்போதுதான் கறி மணம் என்று நாம் அடையாளம் காணும் பொருட்கள் உருவாகின்றன.

இந்த வினை விறுவிறுப்பாக நடக்க 140 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு தேவை. அதற்குக் குறுக்கே நிற்பது தண்ணீர். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள கொத்துக்கறியில் 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அரைக் கிலோ கறியில் 300 கிராமுக்கு மேல். ஈரம் மேற்பரப்பில் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அந்த ஈரத்தைத் துரத்துவதும் எளிதில்லை. 100 கிராம் தண்ணீரை ஐந்து டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 40 கிலோஜூல் போதும். அதே தண்ணீரை ஆவியாக்க 226 கிலோஜூல் வேண்டும். அடுப்பிலிருந்து சட்டிக்குள் ஒரு கிலோவாட் சூடு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 100 கிராமை விரட்டவே நான்கு நிமிடம் போல ஆகிவிடும். அதற்குள் புதிதாகச் சாறு கசிந்துகொண்டே இருக்கும். சின்னச் சட்டியில் அரைக் கிலோவையும் ஒரேயடியாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் கறி தன் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறத்துக்கு வருவது இதனால்தான். வெந்திருக்கும், வறுபட்டிருக்காது.

நம் ஊரில் கொத்துக்கறி வதக்குபவர்கள் இதைக் காதாலேயே அறிவார்கள். முதலில் சளசளவென்று தண்ணீர் கொதிக்கும் ஓசை. தண்ணீர் சுண்டச் சுண்ட அந்த ஓசை மெலிந்து, பிறகு சடசடவென்று கொழுப்பில் பொரியும் ஓசையாக மாறும். அந்த மாற்றம் காதில் விழும் கணத்தில்தான் சட்டிக்குள் சூடு 100 டிகிரியைக் கடக்கிறது. அமெரிக்க அடுப்பங்கரையிலும் இதே ஓசைதான். பலர் முதல் ஓசையோடு அடுப்பை அணைத்துவிடுகிறார்கள்.

காத்திருக்காமல் பழுப்பை எட்ட இன்னொரு வழி இருக்கிறது. எனக்கு இதுவே பிடித்தமானது. கனமான இரும்புச் சட்டியை நன்றாகக் காயவிட்டு, கறியை உதிர்க்காமல் ஒரே அடையாக விரித்து அமுக்கி, மூன்று நான்கு நிமிடம் தொடாமல் விடவேண்டும். அடிப்பக்கம் சட்டியோடு ஒட்டியிருப்பதால் அங்கே உள்ள ஈரம் முதலில் போய், கரும்பழுப்பாக ஒரு பொருக்கு உண்டாகும். அதன் பிறகு தட்டைக்கரண்டியால் கொத்தி உதிர்த்தால், சில துணுக்குகளில் பொருக்கும் சிலவற்றில் சாறும் இருக்கும். எல்லாத் துணுக்கும் ஒரே மாதிரி வறண்டு சுருண்டு போவதைவிட இது வாய்க்கு இதம்.

ஆப்ப சோடா இங்கே ஓர் உதவி செய்யும். மாடு அறுபட்ட பிறகு தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து, கறியின் அமிலக் காரக் குறியீடு 5.5-ஐ ஒட்டி இறங்கிவிடும். அந்த நிலையில் தசைப் புரதங்களின் மின்னேற்றம் ஏறக்குறைய சமனாகி, அவை ஒன்றையொன்று நெருங்கி, தண்ணீரைப் பிடித்துவைக்கும் இடத்தை இழக்கின்றன. அரைக் கிலோ கறிக்குக் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவை ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்துப் பிசறி, கால் மணி நேரம் விட்டால் அந்தக் குறியீடு கொஞ்சம் ஏறும். புரதங்கள் விலகித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். சட்டியில் கசிவு குறையும். காரத்தன்மையில் மயார் வினையும் வேகம் பிடிக்கும். அளவு கூடினால் சோப்பு ருசி வந்துவிடும். கால் தேக்கரண்டி என்றால் கால் தேக்கரண்டிதான்.

இப்போது சாலிஸ்பரியின் எச்சரிக்கைக்கு வரலாம். தசை நாரில் மயோசின் என்றொரு புரதம் உண்டு. கறியை அழுத்திப் பிசையும்போது, குறிப்பாக உப்புச் சேர்த்துப் பிசையும்போது, மயோசின் நாரிலிருந்து கரைந்து வெளியே வந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அடித்துப் பிசைந்த பரோட்டா மாவு இழுவையாவது போல, பிசைந்த கறியும் ஒட்டிக்கொண்டு இறுகும். சூடு பட்டதும் அந்த வலை கெட்டிப்பட்டு, ரப்பர் போலத் துள்ளும் கறியாகிறது. சாசேஜ் செய்பவர்களுக்கு வேண்டியது அந்தத் துள்ளல்தான். அதனால் அவர்கள் வேண்டுமென்றே உப்பிட்டுப் பிசைகிறார்கள். பர்கருக்கு அது கேடு. கிண்ணத்துக்கு முழுக் கேடு, ஏனென்றால் பிசைந்த கறி உதிரவே உதிராது, கட்டி கட்டியாக நிற்கும். ஆகவே உப்பைச் சட்டியில், பொருக்கு வந்து உதிர்க்கும் வேளையில் தூவினால் போதும். வழக்கமாகப் போடுவதைவிடக் குறைத்தே தூவுங்கள். சப்பென்ற பன்னை மனத்தில் வைத்துப் பழகிய கை அது.

சீக்கிரம் கடந்துபோகக் கூடாத ஒரு விஷயம் இருக்கிறது. முழுத் துண்டு மாட்டுக்கறியில் கிருமி இருந்தால் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். இரண்டு பக்கமும் வாட்டினால் செத்துப்போகும். அரைவை இயந்திரத்தில் போட்டதும் மேற்பரப்பு உள்ளே போய்விடுகிறது. கிருமியும் கூடவே போகிறது. ஈ.கோலை ஓ157:எச்7 என்ற கிருமி மனிதர்களுக்கு நோய் தருவது 1982-ல் ஆரிகன், மிச்சிகன் மாநிலங்களில் பர்கர் சாப்பிட்டவர்களிடம் முதலில் கண்டறியப்பட்டது. அப்போது அது பெரிதாகப் பேசப்படவில்லை. 1993-ன் தொடக்கத்தில் வாஷிங்டன், ஐடஹோ, கலிஃபோர்னியா, நெவாடா மாநிலங்களில் ஒரே உணவகச் சங்கிலியின் பர்கர்களால் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அந்தக் கிருமி சுரக்கும் நஞ்சு, சிறு குழந்தைகளின் சிறுநீரகத்தைத் தாக்கி முடக்கிவிடக் கூடியது. அந்த நாளில் மத்திய அரசின் பரிந்துரை 60 டிகிரிதான். வாஷிங்டன் மாநிலம் அதற்கு முன்பே 68 டிகிரி என்று உயர்த்தியிருந்தது. அடுத்த ஆண்டு, 1994-ல், அரைத்த மாட்டுக்கறியில் இந்தக் கிருமி இருந்தாலே அது கலப்படப் பொருள் என்று அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது. இன்று வீடுகளுக்கு அது சொல்லும் அளவு 71 டிகிரி. கோழி, வான்கோழி என்றால் 74.

நிறத்தை நம்பக் கூடாது என்பதற்கும் வேதியியல் காரணம் உண்டு. கறியின் சிவப்பு ரத்தத்தால் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். அது மயோகுளோபின் என்ற புரதத்தின் நிறம். அணு அணுவாக வடிவம் கண்டறியப்பட்ட முதல் புரதமும் இதுதான். அதைச் செய்த ஜான் கெண்ட்ரூ 1962-ல் மேக்ஸ் பெருட்ஸோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். ஆக்சிஜன் படாத இடத்தில் மயோகுளோபின் கருஞ்சிவப்பு, ஆக்சிஜன் சேர்ந்தால் பளிச்சென்ற சிவப்பு, அதன் இரும்பு ஆக்சிகரணம் அடைந்தால் பழுப்பு. சில நாள் குளிர்பெட்டியில் இருந்த கறி அடுப்பேறும் முன்பே பழுப்பின் பக்கம் சாய்ந்திருக்கும். அத்தகைய கறி 71 டிகிரியை எட்டுவதற்கு வெகுமுன்பே வெந்தது போலக் காட்சி தரும். கிண்ணத்துக்கு உதிர்த்து வறுக்கும் கறியில் இந்த ஆபத்து குறைவு, ஒவ்வொரு துணுக்கும் சட்டியைத் தொட்டுவிடுகிறது. இருந்தாலும் குழந்தைகள் சாப்பிடும் வீட்டில், கறியை ஒரு மூலைக்குக் குவித்துச் சமையல் வெப்பமானியை நடுவில் செருகிப் பார்த்துவிடுவது நல்லது. அரை நிமிட வேலை.

அடுத்தது கொழுப்பு. மேலண்ணத்தில் ஒட்டிய மெழுகு இதன் வேலைதான். மாட்டுக் கொழுப்பில் ஏறக்குறைய பாதி, நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள். அது முழுதாக உருக 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பன்னுக்குள் இருக்கும்போது சூட்டோடு சூடாக உறிஞ்சப்பட்டு வாய்க்குள் போய்விடும். குளிர்ந்த லெட்டூஸ் மேல் சொட்டினால் அந்த இடத்திலேயே வெள்ளையாக உறைந்துவிடும். கிண்ணத்தில் ஒரு கரண்டி விட்டுப் புரட்டிப் பாருங்கள். இலையின் விளிம்பில் அந்த வெள்ளைப் புள்ளிகள் கண்ணுக்கே தெரியும். எனவே வறுத்த கறியைச் சட்டியின் ஒரு பக்கம் ஒதுக்கி, சட்டியைச் சாய்த்து, இறங்கும் கொழுப்பை வடித்துவிட வேண்டும். முழுக்க வடித்தாலும் தவறு. வறுத்த மணத்தில் பெரும்பகுதி கொழுப்பில்தான் கரைந்திருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி விட்டுவைத்தால் போதும்.

அந்த ஒரு கரண்டிக் கொழுப்பில் மெல்லிசாக அரிந்த வெங்காயத்தை வதக்குங்கள். 1920-களில் ஓக்லஹோமா மாநிலத்தின் எல் ரீனோ என்ற ரயில்வே ஊரில், கறிக்குப் பணம் போதாத காலத்தில், வெங்காயத்தைக் கறியோடு சேர்த்து அமுக்கி அளவைக் கூட்டினார்கள். வறுமையில் பிறந்த அந்த பர்கர் இன்று அந்த ஊரின் பெருமை. கிண்ணத்துக்கும் அது அருமையாகப் பொருந்தும். மெதுவாக வதங்கும் வெங்காயத்தில் தண்ணீர் போய்ச் சர்க்கரை செறிந்து தித்திப்பு வரும். பன்னோடு போன இனிப்பு இப்படித் திரும்பி வருகிறது.

வடித்த கொழுப்பின் இடத்தைச் சாஸ் நிரப்பும். பர்கர் கடைச் சாஸ் என்பது அடிப்படையில் மயோனைஸ், கெட்சப், கடுகு விழுது, பொடியாக நறுக்கிய பிக்கிள், கொஞ்சம் வினிகர். அமெரிக்கச் சட்டப்படி மயோனைஸ் என்று பெயர் போட எடையில் குறைந்தது 65 சதவீதம் எண்ணெய் இருக்க வேண்டும். முக்கால் பங்கு எண்ணெயைக் கால் பங்கு தண்ணீருக்குள் நுண்துளிகளாக அடைத்து வைத்திருப்பது முட்டை மஞ்சள் கருவில் உள்ள லெசித்தினும் புரதங்களும். இவை ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றிப் படர்ந்து, துளிகள் ஒன்றுசேர விடாமல் தடுக்கின்றன. கடுகின் தோலில் உள்ள பசையும் இதற்குக் கைகொடுக்கிறது. இந்த எண்ணெய் குளிர்பெட்டிச் சூட்டிலும் உறையாது. குளிர்ந்த இலையோடு சேரும் கொழுப்பு இப்படித்தான் இருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க உள்ள கறிமேல் ஊற்றினால் மட்டும் துளிகளைச் சுற்றிய படலம் குலைந்து எண்ணெய் பிரியும். கறி இரண்டு மூன்று நிமிடம் ஆறட்டும்.

சாஸை இலைமேல் ஊற்றாமல் கறிமேல் ஊற்றுவதற்கும் காரணம் இருக்கிறது. லெட்டூஸ் இலையில் 95 சதவீதம் தண்ணீர். அதன் மொறுமொறுப்பு, செல்களுக்குள் நிறைந்த தண்ணீர் செல் சுவரை உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தால் வருவது. துவண்ட இலையைக் குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் செல்கள் நீரை இழுத்து மறுபடி விறைத்துக்கொள்ளும். ஆனால் வெளியே உப்பு இருந்தால் நீர் எதிர்த்திசையில் ஓடும். கிண்ணத்தின் அடியில் தேங்கிய தண்ணீரில் ஒரு பகுதி இப்படி வந்தது. இலையின் தோல்மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் வினிகர் வழுக்கிப் போகும், எண்ணெய் ஊடுருவிவிடும். வினிகர்தான் இலையை வதக்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். எண்ணெய் அதைவிட வேகமாக வதக்கும். கழுவிய இலையைத் துணியில் சுருட்டி ஒற்றி ஈரம் எடுத்துவிடுவதும் முக்கியம்.

தக்காளி நறுக்கும்போது விதையைச் சுற்றிய கூழை வழித்துக் கொட்டுபவர்கள் உண்டு. ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், சதைப்பகுதியைவிட அந்தக் கூழில்தான் குளுட்டமேட் அதிகம் என்று காட்டினார்கள். கறியில் இயல்பாகவே இனோசினேட் என்ற பொருள் இருக்கிறது. இவை இரண்டும் நாக்கில் சேரும்போது ருசி தனித்தனி ருசிகளின் கூட்டுத்தொகையைவிடப் பல மடங்காகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர் அகிரா குனினாகா 1950-களின் பிற்பகுதியில் கண்டறிந்தார். கூழைக் கொட்ட வேண்டாம். தண்ணீர் கூடிவிடும் என்று பயந்தால் கறியோடு சேர்த்துக் கலந்துவிடலாம். கறி அதை வாங்கிக்கொள்ளும்.

சீஸ் விஷயத்தில் நல்ல செடார் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் சூட்டில் செடார் புரதம் ஒரு பக்கம் கட்டியாகவும் நெய் ஒரு பக்கமாகவும் பிரிவது வழக்கம். 1911-ல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஷ்டெட்லரும் சோடியம் சிட்ரேட் சேர்த்து இதைத் தீர்த்தார்கள். பாலாடைப் புரதங்களைப் பிணைத்திருக்கும் கால்சியத்தைச் சிட்ரேட் பிரித்தெடுக்க, புரதம் தளர்ந்து கொழுப்பைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். கடையில் மெல்லிய சதுரமாக விற்கும் மஞ்சள் சீஸ் வழவழப்பாக உருகுவது இந்த முறையால்தான். அடுப்பை அணைத்த சட்டியில், உதிர்ந்த கறிமேல் இரண்டு சதுரம் போட்டு மூடினால் அது உருகித் துணுக்குகளை லேசாகப் பிணைக்கும். முள்கரண்டியில் குத்தும்போது சிதறாது. இதை மட்டமான சீஸ் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த வேலைக்கு இதுதான் சரியான கருவி.

இனி, இது யாருக்காக என்ற கேள்வி. சாதாரண பர்கர் பன்னில் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். ரத்தச் சர்க்கரையைக் கவனிக்க வேண்டியவர்களுக்கு அதைத் தவிர்ப்பது உண்மையான பயன். எடை குறையும் என்று நினைத்துச் செய்பவர்கள் சாஸ் கரண்டியைக் கவனிக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி மயோனைஸில் 90 முதல் 100 கலோரி. இரண்டு கரண்டி போட்டால் விட்ட பன்னைத் தாண்டிவிடும். மயோனைஸில் பாதிக்குப் பதில் கெட்டித் தயிர் சேர்த்தால் சாஸ் கெடாது, கொஞ்சம் புளிப்புக் கூடும், அவ்வளவுதான்.

சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இது விருப்பம் சார்ந்த விஷயமே இல்லை. கோதுமையின் குளூட்டன் அவர்களுடைய சிறுகுடலின் உட்பூச்சை அழிக்கிறது. நெதர்லாந்தில் ஹேக் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லெம் டிக்கெ, கோதுமைக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருக்கும் என்று போருக்கு முன்பிருந்தே சந்தேகித்துவந்தார். 1944-45 குளிர்காலத்துப் பஞ்சத்தில் ரொட்டி இல்லாமல் போனபோது, நாடே வாட, இந்தக் குழந்தைகள் தேறினார்கள். 1950-ல் அவர் தன் ஆய்வேட்டை எழுதினார். இப்படி ஒரு குழந்தை இருக்கும் வீட்டில் பன்னை நீக்கினால் மட்டும் போதாது. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். பாட்டிலில் வரும் எந்தச் சாஸின் லேபிளையும் படித்துவிட்டே ஊற்ற வேண்டும்.

மாட்டுக்கறி சாப்பிடாத குடும்பங்கள் வான்கோழிக் கொத்துக்கறியில் செய்யலாம். அமெரிக்காவில் வாழும் பல இந்திய வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் கொழுப்பு குறைவு என்பதால் சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட வேண்டும்; ஆப்ப சோடா அதற்கு இன்னும் அவசியம். மொறுமொறுப்புக்கு, பொடிச் சதுரமாக நறுக்கிய உருளைக்கிழங்கை ஓவனில் வாட்டிக் கடைசியில் தூவலாம். மாவுச்சத்து வேண்டாதவர்கள் வறுத்த எள்ளைத் தூவிக்கொள்ளட்டும்.

எல்லாவற்றையும் சமையலறையிலேயே கலந்து கொண்டுவருவதைவிட, தனித்தனிப் பாத்திரங்களில் மேசைக்கு வைத்து, அவரவர் கிண்ணத்தில் அவரவர் போட்டுக்கொள்வது நல்ல வழி. குழந்தைக்குப் பிக்கிள் வேண்டாம், தாத்தாவுக்கு வெங்காயம் ஆகாது என்ற சிக்கல் தீரும் என்பது ஒன்று. உப்பும் இலையும், எண்ணெயும் இலையும், சூடும் குளிரும் சந்திக்கும் நேரம் அரை மணியிலிருந்து ஐந்து நிமிடமாகச் சுருங்கும் என்பது இன்னொன்று. பன் தடுப்பாக நின்று செய்ததை இங்கே நேரம் செய்கிறது.

மீந்த கறியை இலையோடு சேர்க்காமல், இரண்டு மணி நேரத்துக்குள் மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் இருக்கும். மறுநாளே அதில் லேசான சிக்கு வாடை வரும். மயோகுளோபினிலிருந்து விடுபட்ட இரும்பு கொழுப்பை ஆக்சிகரணம் செய்வதால் அது வருகிறது. டப்பாவை நிறைத்து, கறிமேல் பிளாஸ்டிக் உறை ஒட்டும்படி அழுத்தி மூடினால் காற்றுக்கு இடமில்லாமல் வாடை குறையும். மறுபடி சூடாக்கும்போது சட்டியில் பரப்பி, ஆவி பறக்கச் சூடாக்கி, இறக்கும் வேளையில் ஒரு கரண்டிப் பிக்கிள் தண்ணீர் விட்டுக் கிளறுங்கள்.